ஆவணியில் கிடாய், தையில் குட்டி

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு நாலைந்து செம்மறிகளே கையிருப்பு. மாரிமழையில் பிறக்கும் குட்டிகள் ஈரத்தாலும் குளிராலும் இறப்பதை நாம் கண்டிருக்கிறோம். இதைத் தவிர்க்கலாம்.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆவணி பிறந்ததும் கிடாயை மந்தையில் விட்டால், மழை ஓய்ந்து புல் தழைத்திருக்கும் தையில் குட்டிகள் பிறக்கும். அதுவரை கிடாயைப் புறம்பாகக் கட்டி வையுங்கள். கோடையில் மெலிந்த மறிகளுக்கு ஆடி நடுவிலிருந்து தவிடும் பிண்ணாக்கும் சிறிதளவு கொடுங்கள்.

மறிக்கு வேட்கை ஏறத்தாழ 17 நாட்களுக்கு ஒருமுறை வரும். ஆகவே கிடாயை 35 நாட்கள் விட்டு, பின் பிரியுங்கள்.

20 மறிகளுக்கு ஒரு கிடாய் போதும்; அயலவர் சேர்ந்து ஒன்றை வளர்க்கலாம். தன் குட்டிகளோடே இணைந்தால் சந்ததி நலியும். எனவே அவை பருவமடையுமுன் அடுத்த கிராமத்துக் கிடாயுடன் மாற்றிக்கொள்வோம். பகிர்ந்துகொண்டால் எல்லோருடைய பட்டியும் பெருகும்.