கட்டாத சந்தாவுக்கு நன்றிக் கடிதம்

எஸ்.க்யூ.எல். படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் வேரியபிள், இஃப், வைல் வரும் பக்கங்களைச் சுலபம் என்று தாண்டிவிடுகிறார்கள். ரிடையரான பிறகு படித்த நானும் அப்படித்தான் தாண்டினேன்.

வேரியபிள் என்பது ஸ்டேஷன் கரும்பலகை மாதிரி. 'டிக்ளேர்' என்றால் பலகை மாட்டியாயிற்று, இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அந்த வெறுமைக்கு 'நல்' என்று பெயர். சைபர் வேறு, 'நல்' வேறு. 'இஃப்' பாதை பிரிக்கும் பாயின்ட். 'வைல்' திரும்பத் திரும்பச் சுற்றும். உள்ளே எண்ணைக் கூட்ட மறந்தால் நிற்காது.

சங்கச் சந்தாவுக்காக மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் புரோகிராம் எழுதினேன். 'வைல்' சுற்றில் ஒவ்வொரு உறுப்பினராக எடுத்து, அவர் கட்டியதை வரவு டேபிளிலிருந்து 'செலக்ட்' மூலம் @தொகை என்ற வேரியபிளில் போட வேண்டும். 500க்குக் குறைந்தால் நினைவூட்டுக் கடிதம். 'எல்ஸ்' என்றால் நன்றிக் கடிதம்.

நான்காம் நாள் பெரியவர் ஒருவர் நன்றிக் கடிதத்தோடு வந்தார். "சார், ஆஸ்பத்திரிச் செலவில் நான் இந்த வருஷம் கட்டவே இல்லையே. எனக்காக யார் கட்டினது?" அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்.

வரவு டேபிளில் அவர் பெயருக்கு வரியே இல்லை. ஒரு வரியும் கிடைக்காதபோது 'செலக்ட்' வேரியபிளைத் தொடுவதில்லை. முந்தைய உறுப்பினரின் 500 பலகையில் அழியாமல் நின்றுவிட்டது. (ஆரக்கிளில் 'செலக்ட் இன்டூ' இந்த இடத்தில் பிழை காட்டி நிற்கும். அதுவே மேல்.)

'செட்' போட்டு, அதே கேள்வியை அடைப்புக்குறிக்குள் கொடுத்தேன். வரி இல்லாவிட்டால் இப்போது 'நல்' வரும். ஓட்டினால் மறுபடியும் நன்றிக் கடிதம்! 'நல்' 500க்குக் குறைவா என்றால் விடை ஆமும் அல்ல, இல்லையும் அல்ல, 'தெரியாது'. ஆம் அல்லாத எதையும் 'இஃப்', 'எல்ஸ்' பக்கம் அனுப்பிவிடும். ஸ்டாப் சிக்னலில் விளக்கு அணைந்திருந்தால் டிரைவர் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொண்டு நிற்பார். 'இஃப்'புக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

கடைசியில் 'ஐஎஸ்நல்' போட்டு வெறுமையைச் சைபராக்கினேன். இரண்டு தவணையில் கட்டியவருக்கு இரண்டு வரி வந்து 'செட்' பிழை காட்டும். அதற்கு 'சம்' போட்டுக் கூட்ட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சுற்றே வேண்டாம், 'லெஃப்ட் ஜாயின்' போதும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கும் அதே 'நல்' வரும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: மூன்று உறுப்பினர்களை எழுதி, நடுவில் உள்ளவருக்கு மட்டும் வரவு வரி போடாமல் மூன்று விதமாகவும் ஓட்டிப் பாருங்கள்.