மல்லித் தோட்டம் போடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கரில் குண்டுமல்லி போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். மனசுக்கு நிறைவாக இருந்தது. உசிலம்பட்டிச் செம்மண்ணில் மல்லி நன்றாக வரும். ஆனால் தை மாதம் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போனதைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்றால், கொஞ்சம் பொறு. பனியில் செடி அதிகம் பூக்காது. அதனால்தான் அந்த விலை. பங்குனி, சித்திரையில் பூ கொட்டும்போது சந்தை தாங்காது. மிச்சமெல்லாம் சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். ஒரு டன் பூவிலிருந்து ஒன்றரைக் கிலோ அளவுக்குத்தான் வாசனை மெழுகு கிடைக்கிறது. அவர்கள் கொடுக்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார். அதிலும் கட்டுபடியானால் இறங்கு.

கன்றுக்குத் தங்கச்சிமடம் போ. அங்கே மணலில் வேர்பிடித்து வருகிற கன்றுதான் மதுரைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் வருகிறது. நாலடிக்கு நாலடி விட்டு நட்டால் ஏக்கருக்கு 2,500 செடிக்கு மேல் பிடிக்கும். அதற்கும் நெருக்கி நடாதே. பறிக்கிறவர் உள்ளே போய்வர வழி வேண்டும். தண்ணீர் தேங்கவே கூடாது. இலை நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சள் தட்டினால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்துத் தெளி.

கவாத்து விஷயத்தில்தான் உன்னிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நவம்பர் கடைசி வாரம் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, இருக்கிற இலையையும் உருவிவிட வேண்டும். அந்தச் சமயம் பார்த்துத்தான் பூ விலை ஏறத் தொடங்கும். இன்னும் பத்து நாள் பறிக்கலாம், இன்னும் பத்து நாள் என்று கை தயங்கும். தயங்காதே. மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சியை விட்டுவைத்தால் செடி உயரும், உள்ளே காற்று போகாது, பூ சிறுக்கும். வெட்டியதும் மக்கிய தொழு எருவும் உரமும் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினால் மாசி, பங்குனியில் தோட்டம் பூத்துத் தள்ளும்.

அடுத்தது மருந்து. மற்ற பயிருக்குத் தெளித்துவிட்டு அறுவடைக்கு நாள் கணக்கு வைத்துக் காத்திருக்கலாம். மல்லியில் அது நடக்காது. மறுநாள் விடிகாலையே பறித்தாக வேண்டும். நீ அடித்த மருந்து முதலில் பறிக்கிற அக்காமார் விரலில் ஏறும், பிறகு பூக்கட்டுகிறவர் கைக்குப் போகும், கடைசியில் ஒரு குழந்தையின் தலையில் இருக்கும். இதை நினைக்காமல் ஸ்ப்ரேயரைத் தூக்குகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஆகவே தினமும் செடியருகே உட்கார்ந்து மொட்டைப் பார்க்கப் பழகு. மொட்டில் ஊசிமுனைத் துளை இருந்து ஊதா நிறம் ஏறியிருந்தால், பிரித்துப் பார். கருந்தலையோடு பச்சைப் புழு நெளியும். அது மொட்டுப்புழு. துளை எதுவும் இல்லாமல் அடிப்பக்கம் வீங்கிச் சிவந்து மொட்டு காய்ந்தால் அது மொட்டு ஈ. அதன் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. எனவே தூரைக் கொத்திக் கிளறி வேப்பம் பிண்ணாக்கு போடு. கெட்ட மொட்டைக் கிள்ளித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடு. வேப்பெண்ணெய்க் கரைசலைத் தாண்டிப் போக வேண்டிய நிலை வந்தால், பறிக்கிறவர்களிடம் சொல்லிவிட்டு அந்தப் பாத்தியின் பூவைச் சந்தைக்கு அனுப்பாமல் விடு. அந்த நஷ்டத்தைத் தோட்டச் செலவில் ஒன்றாக எழுதிக்கொள்.

பறிப்பு சூரியன் வருமுன் முடிய வேண்டும். முற்றி வெளுத்து, இன்னும் விரியாத மொட்டுதான் வேண்டும். அதுதான் அன்று சாயங்காலம் விரிந்து மணக்கும். பக்கத்திலேயே இளம்பச்சையாக நிற்பது நாளையது. இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் இந்த இரண்டையும் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட வேலையல்ல. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கித் தந்த தடித்த இதழும் நீண்ட காம்பும் நசுங்காமல் சந்தைக்குப் போய்ச் சேருவது அந்த விரல்களால்தான். பதமாகப் பறிக்கிறவருக்கு ஊர்க் கூலிக்கு மேலே போட்டுக் கொடு. கழிவு குறைவதை முதல் சீசனிலேயே பார்ப்பாய்.

குழியை முன்கூட்டியே எடுத்து ஆறப்போட்டு வை. ஆனியில் கன்று வாங்கப் போகிற அன்று என்னையும் கூப்பிடு, சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
அண்ணன்