வீட்டுக் கணக்கும் போர்க் கணக்கும்

அன்புள்ள யாழினிக்கு,

லெஸ்டரில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. முறையான விசாவோடு பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய். ஏழைகள் வாழும் நகரப் பகுதிகளுக்குப் பணம் ஒதுக்கிய அரசே ஓர் அநியாயப் போரிலும் இறங்கினால் அதை எப்படி எடை போடுவது என்கிறாய். 1997 முதல் 2010 வரை ஆண்ட தொழிற்கட்சி அரசை வைத்தே பேசுவோம்.

1997 ஜூனில், பிரதமரான ஒரு மாதத்தில், டோனி பிளேர் தெற்கு லண்டனின் ஏல்ஸ்பரி எஸ்டேட்டுக்குப் போய்ப் பேசினார். நீண்ட கான்கிரீட் அடுக்குகளாகக் கட்டிய கவுன்சில் வீடுகள் அவை. நாடு மறந்துவிட்ட மக்கள் இனி இருக்க மாட்டார்கள் என்பதே அந்தப் பேச்சின் சாரம். அடுத்த ஆண்டு ‘நியூ டீல் ஃபார் கம்யூனிட்டீஸ்’ திட்டம் வந்தது. இங்கிலாந்தில் மிகவும் பின்தங்கிய 39 பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். பகுதிக்குச் சுமார் 5 கோடி பவுண்டு, பத்து ஆண்டுகளுக்கு.

தொகையைவிட அந்தப் பத்து ஆண்டுகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுத் திட்டம் என்றால் சுவருக்கு வண்ணம் பூசி, விளக்குக் கம்பம் நட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். பத்து ஆண்டு என்றால் அதே அதிகாரி அதே தெருவில் திரும்பத் திரும்பப் பதில் சொல்லியாக வேண்டும். நிர்வாகக் குழுக்களில் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கும் இடம் இருந்தது. பல ஊர்களில் தேர்தல் வைத்தே அவர்களை அனுப்பினார்கள். அந்தப் பகுதிகளில் ஒன்றான ஏல்ஸ்பரியில் வீடுகளைக் கவுன்சிலிடமிருந்து ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்கு மாற்ற நினைத்தபோது, 2001 இறுதியில் குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். மாற்றமும் கைவிடப்பட்டது. பணம் கொடுப்பவரைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை ஏழைக்குக் கிடைப்பது அபூர்வம் அம்மா.

பலன் என்ன? 2002-க்கும் 2008-க்கும் இடையில் 36 அளவுகோல்களில் 32-இல் முன்னேற்றம் என்கிறது இறுதி மதிப்பீடு. சுற்றுப்புறம், குற்றம், பாதுகாப்பு உணர்வு ஆகியவற்றில் நல்ல மாற்றம். வேலையிலும் படிப்பிலும் அவ்வளவாக இல்லை. தெருவைச் சீராக்க முடிந்தது. தெருவில் இருப்பவருக்கு வேலை தருவது வேறு இடத்தில் முடிவாகும் விஷயம்.

இனி மற்றக் கணக்கு. 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானோர் இராக் போர் வேண்டாம் என்று நடந்தார்கள். மார்ச் 17 அன்று ராபின் குக் போரை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். மறுநாள் நாடாளுமன்றம் 412-க்கு 149 என்று போருக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தப் போரை விசாரித்து 2016-இல் வந்த சில்காட் அறிக்கையை நேரம் கிடைக்கும்போது படி. நிறைவேற்றுச் சுருக்கம் போதும். அமைதி வழிகள் தீரும் முன்பே போருக்குப் போனார்கள், பேரழிவு ஆயுதங்கள் பற்றி ஆதாரம் தாங்காத உறுதியோடு பேசினார்கள், இராக் அதிபர் சதாம் விழுந்த பிறகு என்ன செய்வது என்று சரியாகத் திட்டமிடவில்லை என்று அது சொல்கிறது. போருக்கு எட்டு மாதம் முன்பே, என்ன ஆனாலும் உடன் நிற்பேன் என்று பிளேர் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பும் அதில் வெளிவந்தது. 179 பிரிட்டிஷ் படையினர் இறந்தார்கள். 2009 வரை இறந்த இராக்கியர் குறைந்தது ஒன்றரை லட்சம், அவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள்.

ஏழைகளின் பணத்தைப் போர் தின்றுவிட்டது என்று மேடையில் முழங்குவார்கள். 1960-களின் அமெரிக்காவில் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு வியட்நாமால் அப்படித்தான் நேர்ந்தது. பிரிட்டனில் அது நடக்கவில்லை. இராக்குக்கு 2009 வரை ஆன குறைந்தது 920 கோடி பவுண்டில் பெரும்பகுதி கருவூலத்தின் தனி இருப்பிலிருந்து வந்தது. 39 பகுதிகளின் பணம் நிற்கவில்லை. 2008 வரை அந்த 39 பகுதிகளுக்கும் சேர்த்து ஆன செலவு சுமார் 171 கோடி பவுண்டுதான். அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போருக்குப் போனது என்பது கசப்பான உண்மை. ஆனாலும் பொய்க் குற்றச்சாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உண்மைக் குற்றத்தோடு மோதாதே.

இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் சந்தித்த தொகுதி ஒன்று இருந்தது: கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் அண்டு போ. அந்த 39 பகுதிகளில் ஒன்றான ஓஷன் எஸ்டேட் அங்கேதான் இருந்தது. வங்காள முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த, நாட்டின் மிக வறிய தொகுதிகளில் ஒன்று. 2001-இல் தொழிற்கட்சியின் ஊனா கிங் அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவர் போருக்கு ஆதரவாக வாக்களித்தார். 2005-இல் போரை எதிர்த்து நின்ற ஜார்ஜ் கேலோவே 823 வாக்குகளில் அவரைத் தோற்கடித்தார். அரசின் பணம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்தத் தொகுதி அந்தத் தீர்ப்பை எழுதியது. நன்றி கெட்டவர்கள் என்று அவர்களைச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீடு சீராவது அவர்கள் வரிக்குக் கிடைத்த உரிமை. அதற்கு விலையாக மனசாட்சியைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. 2010-இல் அதே தொகுதி தொழிற்கட்சிக்குத் திரும்பியது.

நம்மவர் சம்பந்தப்பட்டதும் ஒன்று உண்டு. 2009-இல் இலங்கையின் வன்னியில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, லண்டன் தமிழர்கள் வாரக்கணக்கில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்றார்கள். ஏப்ரல் இறுதியில் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் பிரெஞ்சு அமைச்சரோடு கொழும்புக்குப் போய்ப் போரை நிறுத்தச் சொன்னார். கொழும்பு கேட்கவில்லை. இராக்கைப் பற்றி உலகத்துக்குத் தவறாகச் சொன்ன அரசு பிறகு சரியானதைச் சொன்னபோது அந்தச் சொல்லுக்கு எடை குறைந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே ஒரு கணக்கிலிருந்து மற்றதைக் கழித்து மீதி பார்க்காதே. மேம்பட்ட எஸ்டேட்டால் பாக்தாத்தில் இறந்தவர் திரும்ப மாட்டார். போரால் ஓஷன் எஸ்டேட்டின் சீரமைப்பு பொய்யாகிவிடவும் இல்லை. இன்னொன்று, வீட்டுக் கணக்கு மெதுவாகத்தான் பலிக்கும். அதே அரசு 1999-இல் சிறு குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஷ்யூர் ஸ்டார்ட் மையங்களின் அருகில் வளர்ந்த பிள்ளைகள் 16 வயதுத் தேர்வில் மேலாகச் செய்தார்கள் என்று 2024-இல்தான் ஆய்வு சொன்னது. அதற்குள் பல மையங்களை அடுத்து வந்தவர்கள் மூடிவிட்டார்கள்.

தேர்தல் நெருங்கும்போது வாக்குக் கேட்டு உன் கதவைத் தட்டுவார்கள். இந்தப் பகுதிக்கான பணம் எத்தனை ஆண்டுக்கு, அதைச் செலவிடும் குழுவில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேள். படை அனுப்பும் தீர்மானம் வந்தால் கட்சி சொன்னபடியா, சொந்த முடிவின்படியா வாக்களிப்பீர்கள் என்றும் கேள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாளம் கொண்டுபோக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் செல்லும். பெட்டியின் அடியில் வைத்து மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் மாமா