காதில் ஒலிக்கும் ஊர்

மகனைப் பார்க்க இங்கிலாந்து போகிறோம். யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி கிராமத்தை ஆடியோ கைடு கேட்டபடி சுற்றிப் பார்க்க ஆசை. அவர்களுடைய ஆங்கிலம் புரியுமா?
– ஒரு வாசகி, திருச்சி

தாராளமாகப் புரியும். ஒலிப்பதிவை முதல் நாளே போனில் இறக்கி, வீட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அங்கே போனதும் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். அவசரப்படுத்த யாரும் இல்லை.

இந்த ஊரில் ஒலிவழிகாட்டி அவசியம். 1500-ஐ ஒட்டி ஆளரவமற்றுப்போன ஊர் இது. வீடுகள் இருந்த இடத்தில் இன்று புல் மூடிய மேடுகள்தாம். விளக்கம் கேட்டால்தான் எது வீடு, எது தெரு என்று பிடிபடும். மக்களை விரட்டியது கொள்ளைநோய் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில், ஆட்டு மேய்ச்சலுக்காக நிலவுடைமையாளர்கள்தாம் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். 1950 முதல் 1990 வரை நடந்த அகழாய்வு இதையெல்லாம் துலக்கியது.

கூரையற்ற செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். பக்கச் சுவரில் கல் வைத்து அடைத்த வளைவுகள் தெரியும். ஊர் பெருகியபோது கட்டிய பக்கக்கூடங்களை, ஊர் சுருங்கியதும் இடித்து மூடிய தடயம் அது.

நுழைவுக் கட்டணம் கிடையாது. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக, சரிவில் நடக்க வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். நடக்கும்போது இயர்போனைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்தில் கேளுங்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும்.