உரம் போட்டால் புல்வெளி செழிக்குமா?

நம்பிக்கை: உரம் போட்டால் எல்லாச் செடியும் செழித்து வளரும்.

மகசூல் கூடும் என்பது மெய். ‘எல்லாச் செடியும்’ என்பதுதான் தவறு. இதற்கு இங்கிலாந்தின் ஹார்பெண்டனில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான சாட்சி இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டுக்கு 1842-இல் காப்புரிமை பெற்ற ஜான் பென்னட் லாஸ், வேதியியலர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டுடன் சேர்ந்து, தம் ரோதாம்ஸ்டெட் பண்ணையில் ஏழு ஏக்கர் புல்தரையை 1856-இல் பாத்திகளாகப் பிரித்தார். எந்த உரத்துக்கு எவ்வளவு உலர்புல் கிடைக்கும் என்பது மட்டுமே அவர்கள் கேள்வி. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், பாத்திக்குப் பாத்தி வேறு விதை தூவியதுபோலத் தரையின் தோற்றமே மாறிவிட்டது. விதை தூவியவர் யாருமில்லை. ‘பார்க் கிராஸ்’ எனப்படும் அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது.

உரமே காணாத பாத்திகளில் இன்றைக்கும் 40-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் செடியினங்கள் வாழ்கின்றன. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அமோனியம் சல்பேட்டாக அள்ளிக் கொடுத்து, சுண்ணாம்பு போடாமல் விட்ட பாத்திகளில் இரண்டு மூன்று புல் வகைகளே மிச்சம். நடுவில் இருப்பது ஒரு வரப்பு அளவு தூரம்தான்.

காரணம் இரண்டு. முதலாவது வெளிச்சம். தழைச்சத்து கிடைத்ததும் உயரப் புற்கள் முந்திக்கொண்டு மேலேறி, அடியில் இருக்கும் குட்டைச் செடிகளை நிழலில் அமுக்கிவிடுகின்றன. சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உரமிட்ட புல்லின் அடியில் விளக்குகளைப் பொருத்திப் பார்த்தார்கள். 2009-இல் வெளிவந்த முடிவு தெளிவானது: கீழே வெளிச்சம் கிடைத்த இடத்தில் இனங்கள் அழியவில்லை.

இரண்டாவது அமிலம். அமோனியத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுகிறது. ஆண்டுக்காண்டு இது சேர்ந்து, அந்தப் பாத்திகளின் பிஎச் நான்குக்கும் கீழே போய்விட்டது. அந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைத் தீய்க்கிறது. மண்புழு தங்குவதில்லை. புழு இல்லாததால் காய்ந்த புல் மக்காமல், மண்மேல் பழுப்பு மெத்தையாகப் படிகிறது. அங்கே விழும் விதைக்கு மண்ணே எட்டாது. அதே அளவு தழைச்சத்தைச் சோடியம் நைட்ரேட்டாகக் கொடுத்த பாத்திகளில் இந்த அளவுக்குச் சீரழிவு இல்லை. ஆகவே எவ்வளவு போட்டோம் என்பதோடு எந்த வடிவில் போட்டோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: தழைச்சத்து வாங்கிப் போடாமல் நல்ல மகசூல் வராது.

எனக்கு இந்தச் சோதனையிலேயே மிக முக்கியமாகப் படுவது இதற்கான பதில்தான். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கொடுத்து, சுண்ணாம்பும் இட்டு, தழைச்சத்தை மட்டும் அடியோடு தவிர்த்த பாத்திகள் அங்கே உண்டு. அவற்றில் சிவப்பு குளோவரும் மஞ்சள் பூப்பூக்கும் காட்டுப் பட்டாணி வகையும் பெருகி, வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து வைக்கின்றன. ஹெக்டேருக்கு 96 கிலோ தழைச்சத்து இட்ட பாத்திகளின் மகசூலுக்கு இவை ஈடு கொடுக்கின்றன. சுண்ணாம்பு போடாத பாத்திகளோ, எந்த உரம் இட்டாலும், அமிலம் சீராக்கப்பட்ட பாத்திகளைவிடக் குறைவாகவே தருகின்றன. மூட்டை மூட்டையாகத் தழைச்சத்தைக் கொட்டும் முன் பிஎச்சைப் பார்ப்பதே விவேகம்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அதிக இனங்கள் உள்ள உரமில்லாப் பாத்திகள் தரும் புல் குறைவு. மாடு வளர்ப்பவருக்கு அது நஷ்டம்தான். ஆனால் ஒரு நல்ல ஆண்டின் எடையை மட்டும் வைத்துக் கணக்கு முடிப்பது சரியல்ல. அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள சீடர் கிரீக் புல்வெளியில் 1987–88 வறட்சி வந்தபோது, இனங்கள் குறைந்த பாத்திகளின் விளைச்சல் படுத்துவிட்டது. இனங்கள் மிகுந்தவை அந்த அளவுக்குச் சரியவில்லை. டேவிட் டில்மனும் ஜான் டவுனிங்கும் 1994-இல் இதை வெளியிட்டார்கள்.

நம்பிக்கை: மனிதன் கை வைக்காமல் விட்டால் புல்வெளி தானே பிழைத்துக்கொள்ளும்.

இத்தகைய உலர்புல் வெளிகள் அறுப்பாலும் மேய்ச்சலாலும் உருவானவை. இரண்டையும் நிறுத்தினால் முரட்டுப் புல்லும் புதரும் ஏறிவிடும். அதே நேரம் உழுது, மறுவிதைத்து, உரமேற்றியதன் விலையும் பெரிது: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களுக்கும் 1984-க்கும் இடையில் தாழ்நிலப் பழம்புல்வெளிகளில் 97 விழுக்காடு போய்விட்டது.

நம்பிக்கை: உரத்தை நிறுத்தினால் போன செடிகள் திரும்பிவிடும்.

சீடர் கிரீக்கில் உரத்தை நிறுத்தி இருபது ஆண்டுகள் ஆகியும் அவை திரும்பவில்லை. பார்க் கிராஸில், 1989-க்குப் பின் தழைச்சத்து நிறுத்தப்பட்ட பாத்திகளில் இனங்கள் மீண்டன. அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை புல்லை அறுத்து வெளியே எடுத்துச் செல்கிறார்கள். அதோடு மண்ணில் தேங்கிய சத்தும் வெளியேறுகிறது. பக்கத்துப் பாத்தியிலிருந்து விதையும் வந்து விழுகிறது. அப்படிப்பட்ட அண்டைப் புல்வெளி இல்லாத இடங்களில், இனங்கள் மிகுந்த வேறொரு வெளியில் விதை முற்றிய நேரம் பார்த்துப் புல்லைப் பச்சையாகவே அறுத்து, வாடுவதற்குள் கொண்டுவந்து பரப்புகிறார்கள்.