பழைய துணிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்குகிறார்கள். பழைய துணியை ஏன் அப்படிச் செய்ய முடியவில்லை?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: தடை கலப்புதான். ஒரே சட்டையில் பருத்தி, பாலியஸ்டர், எலாஸ்டிக், ஜிப் எல்லாம் இருக்கின்றன. பிரிப்பதற்கே பெரும் உழைப்பு வேண்டும்.

கலப்பில்லாத துணிக்கு வழி எப்போதோ திறந்துவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, கொங்குப் பகுதியின் ஓபன் எண்ட் மில்களில் மீண்டும் நூலாக்குகிறார்கள். பழைய நிறமே நிற்பதால் சாயம் பெரிதாகத் தேவைப்படாது. நொய்யல் ஆற்றின் மாசுக்காக 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

கும்மிடிப்பூண்டியில் துணிக்கழிவுக்கு இன்னொரு முகம் உண்டு. இயந்திரம் துடைக்கத் தொழிற்சாலைகள் வாங்குவது பனியன் வேஸ்ட். எண்ணெயும் ரசாயனமும் ஏறிய பிறகு, 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. குப்பைத்தொட்டியில் போடவோ வெளியில் எரிக்கவோ கூடாது. அங்கீகாரம் பெற்ற இடத்துக்கே போக வேண்டும். அத்தகைய கழிவு மையம் ஒன்று அதே சிப்காட்டிலேயே இருக்கிறது.

வீட்டுத் துணிக்குத்தான் கேட்பாரில்லை. பிளாஸ்டிக், பேட்டரி, டயர், மின்னணுக் கழிவு ஆகியவற்றுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதிகள் 2022இல் வந்தன. அவற்றில் துணி இல்லை. துணிக்கும் உற்பத்தியாளரே பொறுப்பு என்பதை பிரான்ஸ் 2007லேயே சட்டமாக்கியது. அங்கே துணி விற்கும் நிறுவனங்கள் சேகரிப்புக்கும் மறுசுழற்சிக்கும் கட்டணம் செலுத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 முதல் துணிக்கழிவைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும். இங்கும் துணிக்கென்று தனிச் சேகரிப்பு உடனே தொடங்க வேண்டும். ஈரக் குப்பையில் ஒருமுறை நனைந்த பருத்தியை எந்த மில்லும் வாங்காது.