சீனத்து இருதய மருந்தொன்றின் சோதனை

முடியுரு நாடிகளில் அடைப்பு யாதும் இல்லை. எனினும் படியேறுங்கால் நெஞ்சு நோகின்றது. சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்திலும் குற்றம் காணப்படவில்லை. பெண்களிடத்தே மிகுதியாக உள்ள இந்நோய்க்குக் காரணம், அப்படத்திற் புலப்படாத நுண்கலன்கள் வேண்டியபொழுது விரியாமையே. ‘உமக்கு ஒன்றுமில்லை’ எனச் சொல்லி அனுப்பப்பட்ட நோயாளர் பலர்.

நெஞ்சு நோவுக்குச் சீனத்தில் வழங்கும் மருந்துகளுள் ஒன்று ‘தொங்சின்லுவோ’. இருதயத்தின் வலைக்கலன்களைத் திறப்பது என்பது அப்பெயரின் பொருள், காரணப்பெயர் என்க. ஜின்செங் வேர், சந்தனம் என்பவற்றோடு அட்டை, தேள், பூரான் ஆகியனவும் அதிற் சேரும். முகஞ் சுளிப்போர், அட்டையின் உமிழ்நீரில் குருதி உறைதலைத் தடுக்கும் ஹிருடின் உளதென்பதை நினைக.

ஆயினும், உண்டவர் நலமுற்றார் என்பது மட்டும் சான்றாகாது. நெஞ்சு நோவு தானே வரும், தானே தணியும். நம்பிக்கையோடு விழுங்கிய வெறும் மாக்குளிகையும் நோவைக் குறைப்பதுண்டு. ஆதலின் நோயாளரைச் சீட்டுக் குலுக்கி இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு மருந்தும், மற்றையோர்க்கு அதனையொத்த போலிக் குளிகையும் கொடுப்பர். எவர்க்கு எது என்பதை நோயாளரும் அறியார், வைத்தியரும் அறியார். மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவே.

இம்முறையில் சீனத்தின் 124 வைத்தியசாலைகளில், கடும் மாரடைப்புற்ற 3,777 பேரிடத்து அம்மருந்து சோதிக்கப்பட்டது. பெரிய நாடியின் அடைப்பை நீக்கிய பின்னும் நுண்கலன்களிற் குருதி பாயாது நிற்றல் உண்டாகலின், அவர்களைத் தேர்ந்தனர். வழக்கமான சிகிச்சையும் இரு பகுதியார்க்கும் நடந்தது. முடிபு 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. முப்பது நாளுள் இருதய மரணம், மீண்டும் மாரடைப்பு, பாரிசவாதம் முதலியன உற்றோர் போலிக் குளிகை உண்டோரில் நூற்றுக்கு 5.2, மருந்துண்டோரில் 3.4. ஓராண்டில் அவை முறையே 8.3, 5.3. வயிற்றுக் கோளாறு மருந்துண்டோரிடத்துச் சற்று மிகுதி.

பாராட்டத்தக்க முடிபே. ஆனால் இது மாரடைப்புக்குரிய விடை. படியேற நெஞ்சு நோகும் பெண்ணுக்குரிய விடை அன்று. மரணத்தை எண்ணலாம், நோவையோ நோயாளர் வாய்ச்சொல்லாலன்றி அறிதல் அரிது. எனினும் நுண்கலனுக்கும் ஓர் அளவை உண்டு. ஓய்விற் பாயும் குருதி, கலன்களை விரிக்கும் அடினோசின் செலுத்தியபின் எத்தனை மடங்காகின்றதென அளப்பர். இரு மடங்கிற் குறையின் பழுது எனக் கொள்வர். மருந்துக்கு முன்னும் பின்னும் இவ்வெண்ணை எடுத்து, சீட்டுக் குலுக்கிய இரு பகுதியாரிடையே ஒப்பிடல் வேண்டும்.